ஒரே வெள்ளி நிறம், வெவ்வேறு ஆயுள்: எஃகுக் குழாய்க்கு எந்தத் துத்தநாகப் பூச்சு?

கடலோர ஊர் ஒன்றில் இரும்புக்கடைக்குப் போய் ஜி.ஐ. பைப் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் இரண்டு அடுக்கைக் காட்டுவார். இரண்டும் வெள்ளி நிறம். ஒன்று வழவழவென்று இருக்கும், விலையும் குறைவு. மற்றது சற்றுச் சொரசொரப்பு; ஆங்காங்கே துத்தநாகம் வடிந்து உறைந்த தடம் கையில் தட்டுப்படும், விலையும் கூடுதல். மாடியில் துணி உலர்த்தப் பந்தல் போடுவதற்காக நான் வழவழப்பானதை எடுத்து வந்தேன். மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது, குழாயின் ஒரு பக்கத்தில் செம்பழுப்புக் கோடு ஒன்று, அளவுகோல் வைத்து இழுத்தாற்போல, முனையிலிருந்து முனை வரை ஓடியிருந்தது. கோட்டுக்கு இருபுறமும் பூச்சு நன்றாகவே இருந்தது. துரு ஏன் அந்த ஒரு கோட்டில் மட்டும் வந்தது என்று தேடப் போய்த்தான், நாம் ஒரே பெயரில் அழைக்கும் துத்தநாகப் பூச்சுக்குள் எத்தனை வகை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்குத் தெரிந்தது.

எஃகின்மேல் துத்தநாகத்தை ஏற்ற முக்கியமாக ஆறு வழிகள் இருக்கின்றன. உருகிய துத்தநாகத்தில் குழாயை முக்குவது, தகடாக இருக்கும்போதே பூசிவிட்டுப் பிறகு குழாயாக மடிப்பது, மின்முலாம், துத்தநாகத் தூளோடு சேர்த்துப் புரட்டிச் சுடுவது, உருக்கித் தெளிப்பது, துத்தநாகத் தூள் நிறைந்த பெயிண்ட் அடிப்பது. இவற்றில் மெல்லியது 5 மைக்ரான். தடித்தது 200 மைக்ரானைத் தொடும். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் மைக்ரான். நாற்பது மடங்கு வித்தியாசம் உள்ள சரக்கெல்லாம் ஒரே பெயரில் விற்கப்படுகிறது. வாங்குகிறவரின் முதல் சிக்கல் இதுதான்.

தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பது

பெயிண்டும் துருவைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் துரு அந்த வழியாக உள்ளே புகுந்து, பக்கவாட்டில் பரவி, பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். துத்தநாகம் வேலை செய்யும் விதம் வேறு. இரும்பும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அங்கே ஒரு சிறிய பேட்டரி உருவாகிறது. மின்வேதி வரிசையில் துத்தநாகத்தின் அழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44. இரண்டில் அதிக எதிர்மறையானது கரையும், மற்றது தப்பிக்கும். அதனால் பூச்சில் சிறு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் கரைந்து அந்த இடத்தைக் காத்துவிடுகிறது.

இந்தக் குணத்தை முதலில் முறையாகப் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. 1824இல், கப்பல் அடிப்பாகத்தில் அடித்திருந்த செப்புத் தகட்டைக் கடல்நீரிலிருந்து காக்க, இரும்பையும் துத்தநாகத்தையும் அதோடு இணைத்துச் சோதித்தார். அதற்கும் முன்னால், 1742இலேயே, பிரான்சில் மாலூயின் என்ற வேதியியலாளர் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுப்பது பற்றி அறிக்கை கொடுத்திருந்தார். அதைத் தொழிலாக்கும் காப்புரிமையை 1837இல் ஸ்டானிஸ்லாஸ் சொரல் பெற்றார். கால்வனைசிங் என்ற பெயர் இத்தாலியரான லூயிஜி கால்வானியின் நினைவாக வந்தது. அவர் தவளைக் காலில் மின்னோட்டத்தை ஆராய்ந்தவர்.

துத்தநாகமும் அரிக்கும். ஆனால் பெரும்பாலான காற்றுச் சூழல்களில் எஃகு அரிக்கும் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவில்தான் அரிக்கிறது. காற்றுப் பட்டதும் முதலில் ஆக்சைடு உண்டாகிறது. ஈரம் சேர்ந்து அது ஹைட்ராக்சைடு ஆகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து கார்பனேட் ஆகிறது. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கிப்போன பழைய குழாயைப் பார்த்து வீணாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மங்கல்தான் காப்புப் படலம். அது நிலைபெற, குழாய் நனைந்து நனைந்து உலர வேண்டும். புதுக் குழாய்களை நெருக்கி அடுக்கித் தார்ப்பாயால் மூடி மழையில் போட்டுவிட்டால், காற்றுப் புகாத இடுக்குகளில் வெள்ளை மாவு பூத்தாற்போலத் துத்தநாகம் வீணாகக் கரைந்துபோகும். தொழிலில் அதை வெள்ளைத் துரு என்பார்கள். குழாய் பொருத்துவதற்கு முன்பே ஆயுளில் ஒரு பகுதி குடோனிலேயே கழிந்துவிடுகிறது.

துத்தநாகம் ஏறத்தாழ ஒரே சீரான வேகத்தில் கரைவதால், பூச்சின் கனம் இரட்டித்தால் ஆயுளும் இரட்டிக்கிறது. முறைகளை ஒப்பிட இதைவிட நேரான அளவுகோல் இல்லை.

முக்கியெடுத்த குழாய்

கால்வனைசிங் கூடத்தின் வாசலிலேயே அமில நெடி தொண்டையைப் பிடிக்கும். கறுப்புக் குழாய்களைக் கட்டுக்கட்டாகக் காரத் தொட்டியில் இறக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிறார்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துருவும் செதிலும் நீக்குகிறார்கள். அலசியபின் துத்தநாக அம்மோனியம் குளோரைடு கரைசலில் நனைத்து உலர்த்துகிறார்கள். அடுத்து 450 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிப்பாக நிற்கும் துத்தநாகத் தொட்டி. குழாயைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும். உள்ளே காற்று அடைபட்டால் அந்த இடத்தில் பூச்சு விழாது, ஈரம் அடைபட்டால் வெடித்து உருகிய உலோகம் மேலே தெறிக்கும். இறங்கும்போது சடசடவென்று பொரியும் சத்தமும் வெள்ளைப் புகையும். சத்தம் அடங்கியதும், மேலே மிதக்கும் சாம்பலை ஒதுக்கிவிட்டுக் குழாயை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறார்கள். வெளிப்புறத்தைக் காற்றுவளையம் துடைக்கிறது. உட்புறத்தில் நீராவியைப் பீய்ச்சி அடிக்கும்போது, மிச்சமிருக்கும் துத்தநாகம் மறுமுனையில் பொறியாகத் தெறித்து விழுகிறது.

தொட்டிக்குள் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இரும்பும் துத்தநாகமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, அடுக்கடுக்காகக் கலப்புலோகமாகின்றன. எஃகை ஒட்டி இரும்பு மிகுந்த மெல்லிய அடுக்கு, அதன்மேல் இரும்பு குறைந்துகொண்டே போகும் இரண்டு அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே ஏறக்குறையச் சுத்தமான துத்தநாகம். நடு அடுக்குகள் அடியிலிருக்கும் எஃகைவிடக் கடினமானவை; மேலடுக்கு மிருதுவானது. லாரியில் ஏற்றி இறக்கும்போது படும் அடியை மேலடுக்கு வாங்கிக்கொள்ள, உராய்வைக் கீழடுக்குகள் தாங்குகின்றன. வேறு முறைகளில் எளிதில் கிடைக்காத இந்தப் பிணைப்புதான், முக்கியெடுத்த குழாயை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பதற்கு முதல் காரணம். உள், வெளி, வெல்டு தையல், முனை என்று எதையும் விடாமல் பூச்சு போர்த்துவது இரண்டாவது காரணம்.

துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். ஆகவே சதுர மீட்டருக்கு 7.14 கிராம் என்றால் ஒரு மைக்ரான். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தத் தரநிலையையும் படித்துவிடலாம். அமெரிக்காவின் ஏ53 தரநிலை குழாய்க்குச் சராசரியாக 550 கிராம் கேட்கிறது. அது 77 மைக்ரான். ஐரோப்பாவின் இ.என். 10240, குடிநீர்க் குழாயின் உட்புறத்தில் குறைந்தது 55 மைக்ரான் என்கிறது. இந்தியாவில் குழாய்ப் பூச்சுக்கு ஐ.எஸ். 4736. கம்பம், சட்டம் போன்று செய்து முடித்த பொருளாக முக்கினால், ஐ.எஸ்.ஓ. 1461இன்படி 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமான எஃகில் சராசரி 85 மைக்ரான் ஏற வேண்டும்.

வாங்குகிறவர்களிடம் பரவலாக இருக்கும் இரண்டு தவறான எண்ணங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐ.எஸ். 1239 குழாய்களில் மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகள் இருக்கும். அவை குழாய்ச் சுவர் லைட்டா, மீடியமா, ஹெவியா என்று மட்டும் சொல்கின்றன. துத்தநாகத்தின் அளவைச் சொல்வதில்லை. இரண்டாவது, பளபளப்பும் பூப்பூவான படிகக் கோலமும் நல்ல பூச்சுக்கு அடையாளம் என்ற நம்பிக்கை. கோலம் என்பது துத்தநாகம் உறைந்த விதமும் அதிலிருக்கும் ஈயம் போன்ற கலப்பும் தந்த தோற்றம். எஃகில் சிலிக்கன் குறிப்பிட்ட அளவில் இருந்தால் வினை வேகமெடுத்து, பூச்சு மங்கலாகவும் மிகத் தடிப்பாகவும் ஏறும். 1940களில் ராபர்ட் சாண்டலின் இதை ஆராய்ந்து விளக்கியதால் அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. அளவு மீறினால் அந்தப் பூச்சு உடையும் தன்மை கொண்டது. ஆனாலும் மங்கலாக இருப்பதாலேயே அதை ஒதுக்குவது தவறு.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தொட்டியின் நீளத்துக்கு மேல் குழாயை முக்க முடியாது. இரு முனையும் அடைபட்ட குழாய்ச் சட்டத்தைத் துளையிடாமல் முக்கினால் அது வெடிகுண்டுக்குச் சமம். கழிவு அமிலத்தைச் சரியாகக் கையாளாத கூடம் அந்தச் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீரையே கெடுத்துவிடும். விலையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தகட்டில் பூசி, பிறகு மடித்த குழாய்

என் மாடிப் பந்தலின் கோட்டுக்கு வருகிறேன். போலந்துப் பொறியாளர் டடேயுஸ் சென்ட்ஸிமிர் 1930களில் வகுத்த முறையில், எஃகுச் சுருள் நிற்காமல் ஓடிக்கொண்டே உருகிய துத்தநாகத்தைக் கடந்து போகிறது. தொட்டியில் 0.2 சதவீத அளவுக்கு அலுமினியம் சேர்ப்பதால் இரும்புடன் வினை கட்டுப்படுகிறது; கலப்புலோக அடுக்கு மிக மெல்லியதாக நின்று, பூச்சு மடித்தாலும் உடையாமல் வளைகிறது. இந்தச் சுருளை நறுக்கி, வட்டமாகவோ சதுரமாகவோ மடித்து, விளிம்புகளை மின்சாரத்தால் உருக்கி ஒட்டினால் கடையில் ஜி.பி. பைப் என்று கிடைக்கும் சரக்கு.

துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். எஃகு உருகவோ 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். ஆகவே வெல்டு தையலில் துத்தநாகம் நிற்க வழியே இல்லை. இதே 907 டிகிரிதான் ஒரு காலத்தில் உலகெங்கும் துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பதைச் சிக்கலாக்கியது: உலையில் தாதுவிலிருந்து பிரியும்போதே ஆவியாகிப் புகையோடு போய்விடும். ராஜஸ்தானின் ஜாவரில், களிமண் குப்பிகளைத் தலைகீழாக அடுக்கி, ஆவியைக் கீழ்முகமாக இறக்கிக் குளிரவைத்து உலோகமாகப் பிடித்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் 1738இல் காப்புரிமை எடுப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்தது அது.

நல்ல ஆலைகள் தையலின் வெளிப்புறத்தில் துத்தநாகத்தைத் திரும்பத் தெளித்து அனுப்புகின்றன. உட்புறம் பெரும்பாலும் வெறும் இரும்பாகவே இருக்கும். சிவப்புக் கோடு அந்தத் தையலிலிருந்துதான் வருகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் எண்களில் இருக்கிறது. கடையில் 120 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம், என்று சொல்வார்கள். தகட்டுக்கான ஐ.எஸ். 277இல் அந்த எண் இரு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரு பக்கத்துக்கு 60 கிராம், 7.14ஆல் வகுத்தால் 8 மைக்ரானுக்குச் சற்று மேல். முக்கியெடுத்த குழாயில் 55, இதில் 8. இரண்டுக்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தவர்கள், ஆயுளில் இருக்கும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் போடும் சட்டம், பொய்க்கூரை, நாற்காலி போன்றவற்றுக்கு ஜி.பி. போதும், அங்கே அதை வாங்குவது சிக்கனம். மழை படும் இடத்துக்கும் தண்ணீர் ஓடும் குழாய்க்கும் அது ஏற்றதல்ல.

துத்தநாகத்தோடு அலுமினியமும் மெக்னீசியமும் சேர்த்த புதிய தகட்டுப் பூச்சுகள் இந்த வகையின் குறையைப் பாதி தீர்த்திருக்கின்றன. 6 சதவீத அலுமினியம், 3 சதவீத மெக்னீசியம் கலந்த ஜப்பானியப் பூச்சு இவற்றில் பெயர்பெற்றது. வெட்டிய விளிம்பில் மெக்னீசியம் கலந்த படலம் படர்ந்து அதை மூடுகிறது. சூரியமின் தகடுகளைத் தாங்கும் சட்டங்களுக்கு இவை இப்போது அதிகம் போகின்றன. வெல்டு தையலின் பிரச்சினை மட்டும் இவற்றிலும் அப்படியே நிற்கிறது.

மற்ற முறைகள்

மின்முலாம் அழகானது, சீரானது, மெல்லியது. 5 முதல் 25 மைக்ரான். குழாயின் வெளிப்புறத்தில் நன்றாகப் படியும். உட்புறத்தில் மின்னோட்டம் எட்டாததால், தனியாக உள்ளே மின்முனை வைத்தாலொழியப் படியாது. வாகனங்களின் பிரேக் குழாய்களில் 12 முதல் 15 சதவீத நிக்கல் கலந்த துத்தநாக முலாம் சிறப்பாக நிற்கிறது. அதிக வலிமையுள்ள எஃகில் முலாம் ஏற்றும்போது ஹைட்ரஜன் உட்புகுந்து எஃகை நொறுங்கவைக்கக்கூடும் என்பதால் பிறகு சூடேற்றி வெளியேற்ற வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு இதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

ஷெரார்ட் கூப்பர் கோல்ஸ் 1900ஐ ஒட்டி இங்கிலாந்தில் கண்ட முறையில், பொருளையும் துத்தநாகத் தூளையும் மூடிய உருளையில் போட்டுச் சுழற்றிச் சுடுகிறார்கள். மரையின் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே அளவு பூச்சு ஏறுவது இதன் தனிச்சிறப்பு. எல்போ, சாக்கெட், போல்ட் போன்ற சிறு உருப்படிகளுக்கு ஏற்றது.

உருக்கித் தெளிக்கும் முறை சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் ஷூப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுத்தது. துத்தநாகக் கம்பியைச் சுடரிலோ மின்வில்லிலோ உருக்கிக் காற்றால் பீய்ச்சி அடிக்கிறார்கள். எஃகின் அளவுக்கு எல்லையில்லை, இடத்துக்கும் எல்லையில்லை. பாலத்தின்மேல் ஏறி நின்றே தெளிக்கலாம். ஆனால் துத்தநாகத் துளிகள் எஃகோடு கலப்பதில்லை. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆகவே மணற்பாய்ச்சல் வெண்மை எட்டும் வரை செய்யாவிட்டால் பூச்சு மொத்தமும் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். நுண்துளைகளும் இருக்கும்; மேலே ஒரு அடைப்புப் பூச்சு அவசியம். குடிநீர்த் திட்டங்களில் மண்ணுக்கடியில் போகும் டக்டைல் இரும்புக் குழாய்களின் வெளிப்புறத்தில் இந்தத் தெளிப்புதான் இருக்கிறது. முன்பு சதுர மீட்டருக்கு 130 கிராம் போதும் என்றிருந்தார்கள். பிறகு 200 ஆக்கினார்கள். கடுமையான மண்ணுக்கு 85 பங்கு துத்தநாகம், 15 பங்கு அலுமினியம் கலந்த பூச்சு 400 கிராம் வேண்டும் என்ற நிலைக்கு ஐரோப்பியத் தரநிலை வந்திருக்கிறது. மண் தந்த அனுபவம்தான் அந்த எண்களை உயர்த்தியது என்று நினைக்கிறேன்.

துத்தநாகப் பெயிண்டைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள். தென் ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றங்கரை மார்கனிலிருந்து வயால்லாவுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் கொண்டுபோக, 1940களின் தொடக்கத்தில் ஒரு எஃகுக் குழாய்ப் பாதை போட்டார்கள். அதன் வெளிப்புறத்துக்கு, மெல்போர்னைச் சேர்ந்த விக்டர் நைட்டிங்கால் உருவாக்கிய துத்தநாக சிலிக்கேட் பூச்சு அடித்துச் சூடேற்றினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பூச்சு நல்ல நிலையில் இருந்தது இந்தத் துறையில் இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. காய்ந்த படலத்தில் துத்தநாகத் தூள் எடையில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். தூளும் தூளும் தொட்டு, எஃகையும் தொட்டால்தான் மின்பாதை கிடைத்துக் காப்பு நடக்கும். நம் ஊரில் வெல்டு வைத்த இடத்தில் அடிக்கும் சில்வர் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தகட்டுத் தூள். நிறம் ஒத்துப்போகும், காப்பு கிடைக்காது. வெல்டு வைக்கும் இடத்தில் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சுரண்டாமல் பற்றவைத்தால் கிளம்பும் வெண்புகையைச் சுவாசித்த வெல்டருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வருவது சாதாரணம். கூலிக்கு வேலை செய்கிறவரின் உடம்பும் கணக்கில் சேர வேண்டும்.

துத்தநாகத்தின்மேல் பொருத்தமான பெயிண்டும் சேர்ந்தால், இரண்டின் ஆயுளையும் கூட்டி வரும் தொகையைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல்கூட நிற்கும் என்பது டச்சு நிபுணர் வான் எய்ன்ஸ்பெர்கனின் கணக்கு. ஆனால் சாதாரண எனாமலை நேராக அடிக்கக் கூடாது. எனாமலின் எண்ணெயோடு துத்தநாகம் வினைபுரிந்து சோப்பு போன்ற படலம் உண்டாகி, இரண்டொரு வருடத்தில் பெயிண்ட் உரிந்து தொங்கும்.

எந்தச் சான்றை நம்புவது?

பூச்சு விற்பவர்கள் முதலில் நீட்டுவது உப்புப் புகைச் சோதனையின் மணிக்கணக்கு. 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரை இடைவிடாமல் தெளித்துத் துரு வரும் நேரத்தைக் குறிக்கிறார்கள். ஒரே ஆலையின் ஒரே பூச்சைத் தினமும் சரிபார்க்க இது உதவும். வெவ்வேறு முறைகளை ஒப்பிட உதவாது என்பது என் முடிவு. இடைவிடாமல் நனைந்தால் கார்பனேட் படலம் உருவாக நேரமே கிடைப்பதில்லை. துத்தநாகத்தின் முக்கியப் பலத்தைப் பறித்துவிட்டு அதன் ஆயுளை அளக்கும் சோதனை இது.

நம்பத்தக்கவை வெளியில் வைத்துப் பார்த்த ஆண்டுக்கணக்கான சோதனைகள். அமெரிக்காவில் மண்ணுக்கடியில் குழாய்களைப் புதைத்துப் பல பத்தாண்டு கவனித்த முடிவுகளை 1957இல் மெல்வின் ரோமனாஃப் தொகுத்தார். நம் பக்கம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்து அளந்துவருகிறது. அந்தக் காற்று எஃகுக்கு எவ்வளவு கொடியது என்பதை, 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் வர்ணம் பூசிக் காத்துவந்த ரயில்வே ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள்.

இத்தகைய அளவீடுகளை ஐ.எஸ்.ஓ. 9223 வகைப்படுத்தியிருக்கிறது. உள்நாட்டுச் சிற்றூரில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் வரை கரையும். நகரத்திலோ கடலுக்குச் சற்றுத் தள்ளியோ 0.7 முதல் 2.1. கடலோரம், தொழிற்சாலைப் பகுதி என்றால் 2.1 முதல் 4.2. அலைக்கு எதிரே 4.2 முதல் 8.4. இப்போது நம் குழாய்களை இதில் வைத்துப் பார்க்கலாம். கடலோரத்தில் 8 மைக்ரான் குழாய் இரண்டு முதல் நான்கு ஆண்டு. 55 மைக்ரான் குழாய் 13 முதல் 26 ஆண்டு. 85 மைக்ரான் 20 முதல் 40 ஆண்டு. அலைக்கு எதிரே இவை எல்லாம் பாதியாகிவிடும். அங்கே எந்தப் பூச்சும் தனியாகப் போதாது, மேலே பெயிண்டும் வேண்டும். உள்நாட்டில் ஒரு தோட்டத்து வேலிக்கு என்றால் 8 மைக்ரானே பத்தாண்டைத் தாண்டிவிடும். என் பந்தல் மூன்றே மழையில் சிவந்ததற்கு மர்மம் எதுவும் இல்லை.

உள்ளே ஓடும் தண்ணீர்

காற்றுக்குச் சொன்ன கணக்கு தண்ணீருக்குப் பொருந்தாது. இங்கே முக்கியெடுத்த குழாயும் தோற்கும் இடங்கள் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு சாட்சி இருக்கிறது. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர் பக்கத்து ஊர்களில் சோதித்து, சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய இந்தியா மார்க் 2 அடிபம்பை அடிக்காத கை நம் ஊரில் குறைவு. கிணற்றுக்குள் இறங்கும் அதன் குழாய் ஜி.ஐ. குழாய். அதே பம்பு ஆப்பிரிக்காவுக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. அங்கே துத்தநாகம் விரைவில் கரைந்து, குழாய் துருப்பிடித்து, அடித்தால் செந்நீர் வந்தது. சோறும் துணியும் நிறம் மாறவே மக்கள் பம்பைக் கைவிட்டுப் பழைய குட்டைக்கே திரும்பினார்கள். பழுதானது பம்பு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆய்வாளர் ஓட்டோ லாங்கனெக்கர் தண்ணீரையும் குழாயையும் சேர்த்து ஆராய்ந்து, பி.எச். 6.5க்குக் கீழே உள்ள நீரில் ஜி.ஐ. குழாய் போடவே கூடாது என்று எழுதினார். அங்கே துருப்பிடிக்காத எஃகோ பிளாஸ்டிக்கோ தேவை.

வெந்நீர் இன்னொரு பகை. 60 டிகிரிக்கு மேல் சில வகைத் தண்ணீரில் துத்தநாகத்தின் மின்வேதி நிலை தலைகீழாக மாறி, இரும்பு கரைந்து துத்தநாகம் தப்பிக்கிறது. பூச்சில் சிறு குறை இருந்தாலும் அங்கே இரும்பு குழியாக அரித்துப்போகும். செப்புக் குழாயைக் கடந்து வரும் தண்ணீரை ஜி.ஐ. குழாயில் விடுவதும் இதே கேட்டைத் தரும்.

அடுத்தது மரை. பிளம்பர் குழாயை வெட்டி, டை வைத்து மரை போடும்போது, அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பூச்சு சுருள் சுருளாகக் கழன்று தரையில் விழுகிறது. குழாயின் சுவரும் அந்த இடத்தில்தான் மெலிகிறது. பழைய கட்டடங்களில் ஜி.ஐ. குழாய் முதலில் கசிவது மூட்டில்தான். மரை போட்டதும் எண்ணெயைத் துடைத்து, மூட்டுக்கு வெளியே தெரியும் மரைகளில் துத்தநாகப் பெயிண்ட் தடவ இரண்டு நிமிடம் ஆகும்.

குடிநீர் என்றால் துத்தநாகத்தின் தூய்மையையும் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 10500 தண்ணீரில் துத்தநாகத்தை லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. அது பெரிய ஆபத்து அல்ல. தரம் குறைந்த துத்தநாகத்தில் கலந்துவரும் ஈயம்தான் ஆபத்து. புதுக் குழாயில் இரவு முழுதும் தேங்கிய தண்ணீரைக் காலையில் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிப்பது நல்லது.

ஆக, என் தீர்ப்பு இது. மழையிலும் கடற்காற்றிலும் நிற்கும் குழாய்க்கும், நடுநிலையான குளிர்ந்த நீர் ஓடும் குழாய்க்கும், செய்து முடித்தபின் முக்கியெடுத்ததையே வாங்க வேண்டும். தொட்டியில் அடங்காத பெரிய குழாய்க்குத் தெளிப்பும் அடைப்புப் பூச்சும், அல்லது முறையாக மணற்பாய்ச்சிய எஃகில் துத்தநாக சிலிக்கேட். வீட்டுக்குள் உலர்ந்த இடத்துக்கு ஜி.பி. வெந்நீருக்கும் அமில நீருக்கும் துத்தநாகமே வேண்டாம்.

கடையில் ஜி.ஐ. என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மடிப்பதற்கு முன்பு பூசியதா, பின்பு பூசியதா என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், அது ஒரு பக்கத்துக்கா இரு பக்கத்துக்குமா என்று கேளுங்கள். குழாயின் முனையைக் கண்ணருகே வைத்து உள்தையலைப் பாருங்கள்; வெள்ளிக்கு நடுவே கறுப்பாகவோ நீலமாகவோ ஒரு கோடு ஓடினால் அது மடித்து ஒட்டிய குழாய். பெரிய வேலை என்றால் பூச்சின் கனத்தை அளக்கும் கைக்கருவியோடு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொன்ன அளவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.